பல் கூச்சமும் டென்டினும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல் கூசினால் "எனாமல் போயிடுச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். எனாமல் என்ற கடினமான மேலுறைக்கு அடியில் இருக்கும் அடுக்கான டென்டினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் மருத்துவப் பக்கம் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

பல்லின் பெரும்பகுதி டென்டின்தான். எனாமலில் எடையளவில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். டென்டினில் 70 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் நீரும். அதன் இயல்பான நிறமே இளமஞ்சள். அதனால் மஞ்சளாகத் தெரியும் பல்லெல்லாம் அழுக்கு அல்ல. டென்டினுக்குள், பல்லின் நடுவே நரம்பு இருக்கும் மென்பகுதியான பற்கூழ் வரை ஓடும் நுண்குழாய்கள், சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். டென்டின் வெளியே தெரிந்துவிட்டால், ஐஸ் தண்ணீர் பட்டதும் குழாய்க்குள் இருக்கும் திரவம் அசைகிறது, நரம்பு சுரீரென்கிறது.

ஈறு இறங்கிய இடத்தில், பல்லின் கழுத்தில் நகத்தை மெதுவாக ஓட்டினால் சிலருக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். பெரும்பாலும் அழுத்தித் தேய்த்ததால் வந்தது. செங்கல் பொடியும் உமிக்கரியும் இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும். போன எனாமல் திரும்ப வளராது. டென்டினை உடல் உள்பக்கமாகக் கொஞ்சம் கட்டிக்கொள்ளும், தேய்ந்த வெளிப்பக்கத்தை நிரப்பாது.

எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்த கையோடு பல் தேய்க்கவும் கூடாது. அமிலம் பட்ட பல் அப்போது இளகியிருக்கும். சரி, கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்? வாங்கலாம். சில வாரங்களில் குறையாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், சொத்தையோ விரிசலோ இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்