இரும்புத் தண்டு கேட்டு ஒரு கடிதம்

மண்டபம்,
ஆடி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எழுதினால் ஏதோ கேட்பதற்காகத்தான் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், கேட்கத்தான் போகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டிய செய்தி சிரிப்பதற்குரியதன்று.

சங்குக்காரர் பேத்தியை உனக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டு நீ கூடைப்பந்து ஆடிக்காட்டுகிறேன் என்று இறங்கியபோது, உன் கையிலிருந்த பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாளே, அவள்தான். மூன்று வாரங்களுக்கு முன் பயிற்சி ஆட்டத்தில், வளையத்தில் பட்டுத் தெறித்த பந்துக்கு எழும்பினாள்; பந்தை எடுத்தும்விட்டாள்; இறங்கும்போது வலது முழங்கால் உட்பக்கமாக மடிந்துவிட்டது. யாரும் இடிக்கவில்லை, அருகில் ஆளே இல்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முழங்கால் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் ஏசிஎல் என்னும் லிகமென்ட் அறுந்துவிட்டது என்றார்கள். அறுவைச் சிகிச்சை அடுத்த மாதம். அதற்குப் பின் குறைந்தது 9 மாதங்கள் ஆட்டமில்லை. பிள்ளைக்கு வயது 15.

அன்றிரவிலிருந்து எனக்கு ஒரே நினைவுதான்: அவளுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நமக்குப் பயிற்சி கொடுத்த விசில் மாஸ்டர் நமக்குச் செய்ததையே நானும் செய்தேன். கடற்கரை மணலில் பத்துச் சுற்று, தவளைப் பாய்ச்சல், வாத்து நடை, வாந்தி எடுத்தவனே ஒழுங்காகப் பயிற்சி செய்தவன் என்ற கணக்கு. (அந்தக் கணக்கில் எப்போதும் நீதான் முதல் மாணவன்.) எடை தூக்கும் இரும்பைத் தொட்டால் பிள்ளைகள் வளரமாட்டார்கள், கை இறுகிப் பந்து போகாது என்று அவர் சொன்னதை நானும் பெற்றோர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். முறையாகக் கற்றுக்கொடுத்து, உடனிருந்து கவனித்து எடை தூக்கச் செய்தால் வளர்ச்சி தடைபடும் என்பதற்குச் சான்றே இல்லை. ஒரு குதிப்பிலிருந்து இறங்கும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை காலில் விழுகிறது. அதற்கு அஞ்சாத நாம் ஒரு தண்டுக்கு அஞ்சியிருக்கிறோம்.

மணலில் பயிற்சி செய்வது நல்லது என்பதும் பாதிதான் உண்மை. மணல் அதிர்வை விழுங்கும், மூச்சு வாங்க வைக்கும். ஆனால் மிதித்த விசையையும் சேர்த்தே விழுங்கிவிடும். கூடைப்பந்தில் வேண்டுவது, மிதித்த கணத்திலேயே தசையும் அதை எலும்போடு இணைக்கும் நாணும் ரப்பரைப்போல் இழுபட்டுத் தெறிப்பது. அதைக் கெட்டித் தரையில், ஒரு தடவைக்கு ஐந்து குதிப்புகளும் நடுவில் நல்ல ஓய்வுமாகத்தான் பழக்க வேண்டும். நான் நூறு குதிக்க வைத்தேன். நாற்பதாவது குதிப்பில் களைத்துப்போன கால் எப்படி இறங்குகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்தக் காயம் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் நேர்வது. அதுவும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பூப்பெய்தும் வயதில் உயரமும் எடையும் கூடுகிற வேகத்துக்குத் தொடையின் பின்தசையும் இடுப்பும் வலுப்பெறாமல் பின்தங்குவது ஒரு காரணம். நீ கொண்டாடும் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கர்ரிக்கு 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வலது கணுக்காலில் அறுவை நடந்ததே, அதன்பின் அவருக்குப் பயிற்சி அளித்தவர்கள் கணுக்காலோடு நின்றுவிடாமல் இடுப்பைத்தான் வலுவாக்கினார்கள். இதையெல்லாம் இப்போது ஓடி ஓடிப் படிக்கிறேன். அவள் விழுவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

இரண்டு வாரங்களாக எங்கள் பயிற்சி மாறிவிட்டது. முதலில் அரையடிப் படியிலிருந்து குதித்து, முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்க, ஓசையில்லாமல் இறங்கி நிற்பது. பிறகு 20 லிட்டர் தண்ணீர்க் கேனில் கடல்நீரை நிரப்பித் தரையிலிருந்து தூக்குவது. கடல்நீர் என்பதால் அரைக் கிலோ கூடுதல், அது இலவசம். இடுப்பைப் பின்தள்ளு, முதுகை வளைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரைவலைக் கயிறு இழுத்து வளர்ந்த பிள்ளைகள், முதல் நாளே சரியாகத் தூக்கினார்கள். எனக்குத்தான் வெட்கமாயிருந்தது.

ஆனால் கேனில் நிரம்பியதற்கு மேல் ஏற்ற முடியாது. வலுவோ வாரந்தோறும் சிறிது சிறிதாக எடையை ஏற்றினால்தான் கூடும். ஆகவே, இரும்பு வியாபாரத்தில் இருக்கும் உன்னிடம் கேட்கிறேன்: எடை தூக்குவதற்கு, பெண்களுக்கான 15 கிலோ தண்டு ஒன்று, 25 மில்லிமீட்டர் தடிமன், அதைவிடப் பருத்தால் இவர்கள் விரல்களுக்கு அடங்காது. தட்டுகள் இரண்டரைக் கிலோவிலிருந்து. பழையதானாலும் போதும். கச்சான் காற்று இப்போது தென்கடலைப் புரட்டி எடுக்கிறது, மூன்றே நாளில் துரு ஏறிவிடும் என்பாய். படகு எஞ்சினுக்குப் போடுகிற எண்ணெயைத் தினமும் பூசி வைப்பேன்.

அவள் மாலைதோறும் ஊன்றுகோலுடன் வந்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாள். காதாலேயே கேட்டுக்கொண்டிருந்து, யாராவது தொப்பென்று இறங்கினால், திரும்பாமலே பெயரைச் சொல்லி, "மறுபடியும்" என்கிறாள். இதுவரை ஒருமுறைகூடப் பெயர் தவறவில்லை.

தண்டு இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், பேருந்தில் ஏற்றமாட்டார்கள். ராமேஸ்வரம் ரயிலில் உன் மச்சானிடம் கொடுத்தனுப்பு. மண்டபம் நிலையத்தில் நான் நிற்கிறேன். பணத்தைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.

அன்புடன்,
உன் பழைய அணித்தோழன், பாயிண்ட் கார்டு