வாட்டர்வேர்ல்டைத் தோல்விப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்ணூறுகளில் மண்ணைக் கவ்விய ஹாலிவுட் படங்கள் என்று ஞாயிறு பதிப்பில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். 1995-இல் வந்த ‘வாட்டர்வேர்ல்டு’ அதில் முதலிடம். பனி உருகி உலகமே கடலாகிவிட, மிஞ்சியவர்கள் மிதக்கும் ஊர்களில் வாழ்ந்துகொண்டு எங்கோ இருக்கும் நிலத்தைத் தேடும் கதை அது. அதற்குக் கிடைத்ததே நாலு வரி. அதில் மூன்று வரி செலவு, ஒரு வரி கதாநாயகன் கெவின் காஸ்ட்னரின் காதுக்குப் பின்னால் இருக்கும் செவுள். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல இடமில்லாமல் போய்விட்டது.

செலவை முதலில் பேசி முடித்துவிடலாம். ஏறக்குறைய 175 மில்லியன் அமெரிக்க டாலர். அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு பணம் கொட்டியதில்லை. அமெரிக்காவில் வசூல் 88 மில்லியன்தான். வெளிநாடுகளையும் சேர்த்தால் 260 மில்லியனைத் தாண்டியது. தியேட்டர்காரர் பங்கு போக மிச்சம் எவ்வளவு என்பது ஸ்டூடியோவில் கணக்கு எழுதும் கிராணியின் கவலை. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவனுக்கு அதில் என்ன வந்தது? அன்றைய விமர்சகர்கள் பலரும் படம் திரைக்கு வருமுன்பே பட்ஜெட்டுக்கு விமர்சனம் எழுதி முடித்திருந்தார்கள். ஹவாயின் பெரிய தீவில், கவாய்ஹாய் துறைமுகத்தில் படப்பிடிப்பு. புயலில் ஒரு செட் மூழ்கியது. இயக்குநர் கெவின் ரெனால்ட்ஸ் படத்தொகுப்பு முடியுமுன் விலகிக்கொண்டார். இத்தனை வம்பு கிடைத்தபிறகு யார் படத்தைப் பார்ப்பார்கள்?

நான் பினாங்கில் பட்டர்வொர்த் பக்கம் வெல்டிங் பட்டறையில் காலம் தள்ளியவன். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய விசிடியில் இந்தப் படத்தைப் பார்த்தபோது என் கண் போனது கதாநாயகி மேல் அல்ல, இரும்பு மேல். அந்த மிதக்கும் ஊர் நிஜமாகவே தண்ணீரில் மிதக்கக் கட்டியது. துருவேறிய தகடு, ஒட்டுப்போட்ட குழாய், வலை, கயிறு, மேலே ஏறியவன் எடைக்கு ஆடும் தளம். கம்ப்யூட்டர் வேலை படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் கடல் கடலாகவே இருக்கிறது, விழுகிறவன் நிஜத் தண்ணீரில்தான் விழுகிறான்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாயகன் தன் சிறுநீரை ஒரு சாடியில் பிடிக்கிறான். ஓட்டை உடைசலில் செய்த ஒரு கருவியில் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றுகிறான். சொட்டுச் சொட்டாக இறங்கும் தெளிந்த தண்ணீரைக் குடிக்கிறான். கடைசி மிடறைக் கொப்பளித்து, தொட்டியில் வளர்க்கும் எலுமிச்சைச் செடியின் மேல் துப்புகிறான். வசனம் இல்லை, ஒரு சொட்டும் வீணில்லை. இந்தக் காட்சிக்குத்தான் அன்று பலர் முகம் சுளித்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்த நியூவாட்டரைப் பக்கத்துச் சிங்கப்பூர் 2003-லிருந்து விநியோகிக்கிறது. 2008-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரமே பொருத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில் பினாங்கில் நாள்கணக்கில் குழாய் வறண்டபோது வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தவர்கள் நாமும்தான்.

பிறகு அவன் ஊர் வாசலுக்கு வந்து ஒரு ஜாடியைக் காட்டுகிறான். உள்ளே இருப்பது மண், வெறும் மண். வாசல்காரன் வாயடைத்துப் போகிறான். அந்த உலகில் அதற்குத்தான் மதிப்பு. ஊருக்குள்ளே இறந்த கிழவியை எரிப்பதுமில்லை, கடலில் விடுவதுமில்லை. உரமாகட்டும் என்று சேற்றுக் குட்டையில் மெல்ல இறக்குகிறார்கள். யாரும் நின்று விளக்கம் சொல்வதில்லை. பொருள் இல்லாத ஊரில் மனிதர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இன்றைய அறிவியல் படங்களில் எத்தனை பேர் அந்தச் சிரமம் எடுக்கிறார்கள்?

வில்லன் கூட்டம் குடியிருப்பது எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பலில். 1989-இல் அலாஸ்காவில் பாறையில் மோதி, கடலை எண்ணெயாக்கிய அதே கப்பல். அந்தக் கப்பல் கேப்டனின் படத்தைச் சாமி படம் மாதிரி மாட்டிவைத்திருக்கிறார்கள்! வில்லனாக வரும் டெனிஸ் ஹாப்பர் மேல்தளத்தில் கோல்ஃப் ஆடுகிறார், கீழே நூற்றுக்கணக்கானோர் துடுப்பு வலிக்கிறார்கள். இந்த நடிப்புக்கு அவருக்கு மோசமான துணை நடிகர் என்று ராஸி விருது கொடுத்தார்கள். எனக்கென்னவோ எண்ணெய் வியாபாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் நக்கலடித்ததாகத் தெரியவில்லை.

குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நாயகன் தன் படகில் வரும் பெண்ணைத் துடுப்பால் அடிப்பதையும் அவளோடு இருக்கும் சிறுமியைக் கடலில் தூக்கிப் போடுவதையும் எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. கடைசி அரை மணி நேரம் வழக்கமான வெடிவேடிக்கை. அறிவியலும் இடிக்கிறது. உலகத்துப் பனியெல்லாம் உருகினாலும் கடல் ஏறக்குறைய 70 மீட்டர்தான் உயரும். பினாங்கின் கொம்தார் கோபுரத்தில் பெரும்பகுதி வெளியே நிற்கும். கொடிமலை 800 மீட்டருக்கு மேல், அங்கே போனால் மண்ணுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜார்ஜ்டவுனின் மற்ற இடங்கள்? அதை நினைத்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது.

இன்னொரு வேடிக்கை. படம் தோற்றது என்கிறோம். அதை வைத்து யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 1995-இலேயே ஹாலிவுட்டில் ஒரு சாகசக் காட்சியைத் தொடங்கியது. பிறகு ஒசாக்கா, சிங்கப்பூர், பெய்ஜிங் என்று அது பரவியது. பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் செந்தோசாவுக்குப் போன நம்மவர்களில் எத்தனை குடும்பம், சுவர் தாண்டிப் பாயும் அந்த விமானத்தைப் பார்த்துக் கைதட்டி, முன்வரிசையில் தொப்பலாக நனைந்து, படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது! அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

உங்கள் கட்டுரையாளர் எந்தப் பதிப்பைப் பார்த்தார் என்று கேட்க விரும்புகிறேன். தியேட்டரில் ஓடியது இரண்டே கால் மணி நேரப் படம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக நீட்டிய, கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பதிப்பும் இருக்கிறது. அதன் முடிவில் புல் மறைத்த ஒரு பலகை கண்ணில் படுகிறது. எல்லாரும் தேடிய நிலம் எவரெஸ்ட் உச்சி. 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் கால் வைத்த இடம். சிறிய பதிப்பில் இது வெட்டுப்பட்டதால் ஏதோ ஒரு பச்சைத் தீவில் படம் முடிகிறது. நீண்ட பதிப்பைப் பார்த்துவிட்டும் அதே நாலு வரிதான் எழுதுவார் என்றால் பரவாயில்லை, எழுதட்டும். செலவு வரியை மட்டும் ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகன்