குளோட் நன்னிக்குக் கனடா தர வேண்டியது: ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கனடியப் பிரதமர் அவர்களுக்கும் அமைச்சரவைக்கும்,

போர்வீரர் நினைவு நாளான நவம்பர் 11 அன்று நீங்கள் தலைவணங்கி நினைவுகூரும் வீரர்களில் ஒருவருக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் உலகப் போர், 1918 செப்டம்பர் 1. பிரான்சில் வீ-அன்-ஆர்த்துவா அருகே கனடாவின் 38ஆவது படையணி முன்னேறத் தயாராகிக்கொண்டிருந்தது. ஜெர்மானியப் பீரங்கிகள் குண்டுமழை பொழிந்தன, எதிர்த்தாக்குதலும் தொடங்கியது. பின்னால் இருந்த குளோட் நன்னி, யாரும் ஏவாமலே அந்தக் குண்டுமழைக்குள் புகுந்து முன்னரங்குக்குப் போனார். ஒவ்வொரு காவலரணாகச் சென்று தோழர்களுக்குத் தெம்பூட்டினார். தாக்க வந்தவர்கள் விரட்டப்பட்டார்கள். மறுநாள் நடந்த பெருந்தாக்குதலிலும் முன்னே நின்று படுகாயமடைந்தார். செப்டம்பர் 18 அன்று உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 25. பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை அவர் பெயரில் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த வீரரை உங்கள் ஆவணங்கள் மறக்கவில்லை. நான் கேட்பது, 1905இல் கனடாவுக்குக் கொண்டுவரப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி. அவனும் இதே நன்னிதான்.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்த அவன், 'ஹோம் சில்ரன்' என்று அழைக்கப்பட்ட குழந்தைகளில் ஒருவன். 1869 முதல் சுமார் ஒரு லட்சம் பேர் இப்படிப் பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அனுப்பியவை அறநிலையங்கள்; வரவேற்று வேலைக்குப் பிரித்துக் கொடுக்க அனுமதித்தது கனடா. இவர்களில் பலர் அநாதைகளே அல்லர். தாயோ தந்தையோ வறுமையால் குழந்தைகள் இல்லத்தில் விட்டுச்சென்ற பிள்ளைகள். உடன்பிறந்தவர்களை வெவ்வேறு பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். உணவும் உடையும் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் இருந்தது. பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அறுவடைக் காலத்தில் அதை யார் கேட்டார்கள்? மேற்பார்வையாளர் வருவதே அரிது. அன்போடு வளர்த்த குடும்பங்களும் இருந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நல்ல வீடு வாய்ப்பதைக் குழந்தையின் அதிர்ஷ்டத்துக்கு விட்டது அரசின் குற்றம். 1895இல் ஒன்ராறியோவின் கெப்பெல் பகுதியில் ஜோர்ஜ் கிரீன் என்ற சிறுவன் இறந்து, அவனை வேலைக்கு வைத்திருந்த பெண் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அதன் பிறகும் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன. பெற்றோர் துணையின்றி வரும் பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களைத் தடுக்க 1925 வரை ஆயிற்று.

போர் வந்தபோது இவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியப் படையில் சேர்ந்தார்கள். நாளொன்றுக்கு ஒரு டாலரும் பத்துச் சதமும் சம்பளம். பண்ணையில் கையில் காசே காணாதவனுக்கு அது பெரிய தொகை. அதைவிடப் பெரிது, கடலைக் கடக்கச் செலவில்லை என்பது. விட்டுவந்த அம்மாவையோ தங்கையையோ தேடிப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் பலர். பெற்ற தாயைப் பார்க்க ஒரு பிள்ளைக்குப் போர்தான் வழியென்றால், அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தவர்கள் பதில் சொல்ல வேண்டாமா? உயிரோடு திரும்பியவர்களில் எத்தனையோ பேர், தாங்கள் எப்படி இந்த நாட்டுக்கு வந்தோம் என்பதை மனைவி மக்களிடம்கூடச் சொல்லவில்லை. 'ஹோம் பையன்' என்பது அவ்வளவு இழிவான அடையாளமாக ஆக்கப்பட்டிருந்தது.

சிறுவர்களை ஏற்றுக்கொண்ட ஆஸ்திரேலியா 2009இலும், அனுப்பிய பிரிட்டன் 2010இலும் பிரதமர் வாயாலேயே மன்னிப்புக் கேட்டன. கனடா 2010இல் தபால்தலை வெளியிட்டது. 2017இல் கீழவை மன்னிப்புத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு, செப்டம்பர் 28 இவர்களுக்கான நாளாக அறிவிக்கப்பட்டது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1914இல் கனடா திருப்பி அனுப்பிய கொமகட்டா மாரு கப்பலின் இந்தியப் பயணிகளுக்காக 2016இல் ஒரு பிரதமர் அவையில் எழுந்து நின்று அரசின் பெயரால் பேசினாரே, முதல் உலகப் போரில் இனப்பாகுபாட்டுக்கு ஆளான இரண்டாம் கட்டுமானப் படையணியின் கறுப்பின வீரர்களுக்காக 2022இல் அரசு மன்னிப்புக் கேட்டதே, அந்த மரியாதை இவர்களுக்கும் உரியது.

இந்த நாட்டில் குடியேறிய தமிழன் நான். இங்கே வருவதை நானே முடிவு செய்தேன், இங்கே என் பிள்ளைகள் என்னோடு இருந்தார்கள். ரொறன்ரோவின் பார்க் லோன் கல்லறைத் தோட்டத்தில், பெயர்க்கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்டிருந்த பார்னார்டோ என்ற அறநிலையம் அனுப்பிய 75 குழந்தைகளுக்கு 2017இல்தான் நினைவுக்கல் எழுந்தது. நான் வாழும் நகரத்தில் அவர்கள் அத்தனை காலம் பெயரின்றிக் கிடந்தது எனக்கும் வலிக்கிறது.

வரும் செப்டம்பர் 28 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் எழுந்து, அரசின் பெயரால் முழுமையான மன்னிப்பைக் கேட்க வேண்டும். பாடப்புத்தகங்களில் இந்த வரலாறு இடம்பெற மாகாணங்களோடு பேச வேண்டும். நினைவு நாளில் நன்னியின் பெயர் சொல்லப்படும் இடங்களில், அவர் எப்படிக் கனடாவுக்கு வந்தார் என்பதும் சொல்லப்பட வேண்டும். அந்தச் சிறுவர்களின் மகன்களும் மகள்களும் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி, தாமதிக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரொறன்ரோவில் வாழும் ஒரு குடிமகன்