பசீன் அல்வாவும் 'அல்வா கொடுத்தலும்'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சொல்வழக்குப் பகுதியில், 'அல்வா கொடுத்தல்' என்றால் ஏமாற்றுதல் என்றும், திருநெல்வேலி அல்வா தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோல் ஆள் நழுவிவிடுவதால் அப்பெயர் வந்தது என்றும், தமிழர் எங்கிருந்தாலும் இப்பொருளில்தான் வழங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசிக் கூற்று எங்கள் ஊருக்குப் பொருந்தாது. நடுவிலுள்ளதும் எனக்கு ஐயமாகவே இருக்கிறது.

ரங்கூனில் எங்கள் வீட்டில் அல்வா என்றாலே பசீன் அல்வாதான். ஐராவதி டெல்டாவிலுள்ள பசீனை இன்று பத்தெய்ன் என்கிறார்கள். நெல்லையில் கோதுமைப்பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது போலன்றி, இங்கே ஒட்டும் அரிசி மாவோடு தேங்காயும் வெண்ணெயும் சேரும். பர்மியர் இதை 'ஹலவா' என்பார்கள். அந்தப் பக்கம் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் அது ஒரு குறைதான். ஆகவே 'அவர் அல்வா கொடுத்தார்' என்று நாங்கள் சொன்னால், நம்மை மறக்காமல் வாங்கி வந்தார் என்று பொருள்.

என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, பசீனிலிருந்து வந்த சம்பந்தி இரண்டு பெட்டி அல்வாவை என் அம்மாவின் கையில் கொடுத்தார். 1964இல் கப்பலேறி இந்தியா சென்ற என் பெரியப்பாவின் பேரன் வியாசர்பாடியில் இருக்கிறான். அன்றிரவு அவனிடம் தொலைபேசியில் அம்மா, "சம்பந்தி நமக்கு அல்வா குடுத்துட்டாருப்பா" என்று பூரிப்போடு சொல்ல, அவன் பதறிப்போய், "ஐயையோ, கல்யாணம் நின்னுபோச்சா சின்னப்பாட்டி?" என்று கேட்டான். (கல்யாணம் தையில் நன்றாகவே நடந்தது.) பெரியப்பா இங்கிருந்த காலத்தில் இந்தச் சொல்லுக்கு இப்படியொரு பொருளைக் கேட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை, மோசம் செய்தவனைச் சொல்ல அவர்களுக்கு 'நாமம் போட்டான்', 'கம்பி நீட்டிவிட்டான்' என்பவையே போதுமாயிருந்தன. தமிழ்ப் படங்களும் தொலைக்காட்சியும் பார்த்து வளர்ந்த என் மகளுக்கோ இரண்டு பொருளும் தெரியும். பாட்டியிடம் ஒன்று, தோழிகளிடம் மற்றொன்று.

இனி, பொருளைப் பற்றி. ஏமாற்றுதல் எல்லாம் ஒன்றல்ல. வாங்கிய கடனைத் திருப்பாதவன் நாமம் போடுகிறான். தேடி வருபவர் கண்ணில் படாமல் தப்புகிறவன் டிமிக்கி கொடுக்கிறான். அல்வா கொடுப்பவனோ நமக்கு எதிரிலேயே உட்கார்ந்து, நாம் கேட்க விரும்பியதையெல்லாம் சொல்லி மகிழ்வித்து, பிறகு கைவிரிக்கிறான். வழுக்கி நழுவும் விளக்கம் டிமிக்கிக்குத்தான் பொருந்துமே தவிர அல்வாவுக்கு அன்று. இச்சொல்லுக்கு உயிர் அதன் இனிப்பில் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

இப்பகுதி நூலாக வருவதாக அறிவித்திருப்பதால், இப்பொருளுக்கு எதிரே 'தமிழகப் பேச்சு வழக்கு' என்று குறித்து, பர்மாத் தமிழர் இத்தொடரை நேர்ப்பொருளில் வழங்குவதையும் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரங்கூன்.