இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: அரசு மருத்துவமனை மாடியில் இயங்கும் இயன்முறை சிகிச்சைப் பிரிவைக் கீழே மாற்றித் தருவது தொடர்பாக.

பார்வை: திங்கள்கிழமை குறைதீர் நாளில் நான் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 64. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. செய்த டாக்டர்களை நாங்கள் மறக்க மாட்டோம். அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம், சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தோம், கால் தடுக்காமலிருக்க வீட்டு மிதியடிகளை எடுத்துவிட்டோம். எங்களால் ஆனதெல்லாம் செய்தாயிற்று. இனி ஆக வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது.

1. அறுவைக்குப் பிறகு முழங்கால் சீக்கிரமே 90 டிகிரி மடங்கியாக வேண்டும். தள்ளிப்போனால் உள்ளே தழும்புத் திசு இறுகிவிடும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டிவரும். அதனால்தான் வீட்டருகே பயிற்சி எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

2. எங்கள் வீட்டருகே உள்ள அரசு மருத்துவமனையில் அந்தப் பயிற்சி அறை மாடியில் இருக்கிறது. பழைய பேருந்து நிலையப் பக்கத்து வாசல் வழியாக நுழைந்தால், மருந்து வழங்கும் இடத்தைத் தாண்டி வரும் கட்டடம். தாங்கள் ஆய்வுக்கு வந்த இடம்தான். லிஃப்டில் 'பழுது' என்று ஒட்டிய தாள் மஞ்சளாகிவிட்டது. படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி. வாக்கரை நான் தூக்கிக்கொள்ள, அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தோளையும் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறுகிறார். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். நடுவில் யாராவது வேகமாக இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கிறோம். விழுந்தால் புது மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு உடையும் ஐயா! மேலே மடக்கிய கால், கீழே வருவதற்குள் வீங்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க ஐஸ் ஒத்தடம். பக்கவாதம் வந்தவரை இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள் நாற்காலியோடு தூக்கிப் போவதையும் அங்கேதான் பார்த்தேன். நடக்க முடியாதவர்கள் வரும் அறையை மாடியில் வைக்க யாருக்கு மனம் வந்தது?

3. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 25-வது பிரிவு, மருத்துவமனையின் எல்லாப் பகுதிக்கும் தடையில்லா வழி வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்களைச் சரிசெய்யத் தந்த 5 ஆண்டு அவகாசமும் 2022-லேயே முடிந்துவிட்டது.

4. கீழே ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த கட்டில்கள். நிதி இல்லை என்று சொல்லாதீர்கள், இதற்கு நிதி வேண்டாம். கட்டில்களை எடுத்துவிட்டுப் பயிற்சிச் சாதனங்களை இறக்கினால் போதும். இதையே முந்தைய மனுக்களிலும் எழுதினேன். 'உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு சரி. யார் அந்த உரிய அலுவலர்? எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?

5. அறை மாறும்வரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளரை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அம்மாவின் கால் இறுகுகிறது. தயவுசெய்து கீழே உள்ள அறையைத் திறக்க இந்த வாரமே உத்தரவிடுங்கள். பயிற்சிப் பிரிவைக் கீழே மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரின் மகள்,
பழைய பேருந்து நிலையம் பின்தெரு.