சுவரை இடிக்கும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் வெளிச்சம் தாராளமாக வரும், சந்தேகமே இல்லை. ஆனால் "உள்வேலைதானே, இதற்குப் பெர்மிட் எதற்கு" என்று காண்டிராக்டர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. காலமெல்லாம் கட்டட வரைபடங்களோடு வேலை பார்த்தவள் நான், சொல்லாமல் இருக்க முடியாது.

வேலை உள்ளே நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்பது கணக்கில்லை. வீட்டின் பாரத்தைத் தாங்கும் பாகத்தில் கை வைக்கிறீர்களா, மின்சாரமும் தண்ணீரும் கேஸும் போகிற பாதையை மாற்றுகிறீர்களா, பெர்மிட் கொடுப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். பெயின்ட் அடிப்பது, டைல்ஸ் மாற்றுவது, அலமாரி செய்வது, பழைய குழாயைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதுசு மாட்டுவது, இதற்கெல்லாம் பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே ஸிங்கை எதிர் மூலைக்குக் கொண்டுபோனால் கழிவுக் குழாயின் சரிவு மாறிவிடும், அனுமதி வேண்டியிருக்கும். ஜன்னலை ஒரு அடி அகலப்படுத்தினாலும் அப்படித்தான், ஜன்னலுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டமான லிண்டலையே மாற்ற வேண்டி வரும்.

உன் சுவருக்கு வருகிறேன். தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வருகிறது, அதனால் பாரம் தாங்காத வெறும் தடுப்புச் சுவர்தான் என்று காண்டிராக்டர் சொன்னாராம். சத்தத்தை வைத்து அதைச் சொல்லவே முடியாது. மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்த சுவர் பாரம் தாங்கினாலும் அப்படித்தான் கேட்கும். அதற்கு நேர் மேலே மாடியில் சுவர் இருக்கிறதா, மாடித் தரையின் விட்டங்கள் இதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார். கடைசி வார்த்தையைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். சுவர் போகிற இடத்தில் பீம் வேண்டும், பீமின் இரண்டு முனைக்கும் தூண் வேண்டும், அந்தத் தூண்கள் இறக்கும் பாரத்தைக் கீழே அஸ்திவாரம் வாங்க வேண்டும். பல பேர் பீமோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெர்மிட் எடுத்தால் ஆய்வாளர் நேரில் வருவார், அதுவும் சுவரை மூடும் முன்னால். எனக்கு அதுதான் பெரிய விஷயம். வயர் இணைப்பைப் பெட்டிக்குள் வைக்காமல், முறுக்கி டேப் சுற்றிச் சுவருக்குள்ளேயே விட்டுப் பூசிவிட்டால், அது சூடாகிக் கருகும்போது யார் கண்ணுக்குத் தெரியும்?

பின்னால் போடப்போகும் ஷெட்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில் (IRC), வீட்டோடு ஒட்டாத ஒற்றைத்தள ஷெட் 200 சதுர அடிக்குள் இருந்தால் கட்டட அனுமதி கேட்பதில்லை. ஆனால் அது ஊர்கள் எடுத்துக்கொள்வதற்கான ஒரு முன்மாதிரிதான். உங்கள் உள்ளாட்சி அளவைக் குறைத்தும் வைத்திருக்கலாம். ஷெட்டுக்குக் கரன்ட் இழுத்தால் அந்த வேலைக்குத் தனியாக அனுமதி வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பெர்மிட்டை உன் பெயரில் எடுக்கச் சொல்லிக் காண்டிராக்டர் கேட்டால் சம்மதிக்காதே. யார் பெயரில் இருக்கிறதோ, பல ஊர்களில் வேலைக்கான பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். பதிவில் இல்லாத வேலையால் வீட்டை விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வரும். சில இடங்களில் பூசிய சுவரைத் திரும்ப உடைத்துக் காட்டச் சொல்வார்கள்.

மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு. கட்டட அனுமதிப் பிரிவுக்கு நீயே போன் செய்து, எந்தச் சுவர், எந்தக் குழாய், எத்தனை புது பிளக் பாயின்ட் என்று விவரமாகச் சொல்லிக் கேள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். அதுவரை இடிக்கும் தேதியைத் தள்ளிப் போடச் சொல். வீட்டின் பழைய வரைபடம் கிடைத்தால் எனக்கும் அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா