உயரம் பார்த்துக் கழித்துவிடாதீர்கள்: கால்பந்து அகாடமிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்முறைக் கால்பந்து கிளப்புகளின் இளையோர் அகாடமிகளை நடத்துவோருக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

அண்டர்-13 ட்ரையல்ஸில் நீங்கள் எடுத்த பையன்களின் பிறந்த மாதங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நிறைய இருந்து, அக்டோபருக்குப் பிறகு விரல்விட்டு எண்ணும்படி இருந்தால், வயதில் மூத்தவர்களைத்தான் பொறுக்கியிருக்கிறீர்கள். இந்தியாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1 கணக்கு, அதனால் ஜனவரியில் பிறந்தவன்தான் பிரிவிலேயே மூத்தவன். இங்கிலாந்தில் செப்டம்பர் 1. அங்கே அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பிள்ளைகள் அதிகம். தேதியோடு சேர்ந்து திறமையும் இடம் மாறுமா என்ன?

இதைவிடப் பெரிய சிக்கல் உடல் முதிர்ச்சி. பையன்கள் கிடுகிடுவென உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி. ஒருவனுக்கு அது 12-லேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 15 ஆகும். ட்ரையல்ஸில் ஆடக் கிடைக்கும் 15 நிமிடத்தில் முந்தி வளர்ந்தவன் தோளால் தள்ளிக்கொண்டு ஓடிக் கோல் போட்டுவிடுவான். பொடியனோ பந்து வருமுன்பே இரு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்திருப்பான், முதல் தொடுதலிலேயே ஆளைக் கழற்றியிருப்பான். அதற்கு மார்க் ஷீட்டில் கட்டமே இருக்காது. குரோஷிய வீரர் மோட்ரிச்சை அந்நாட்டு கிளப் ஹைடுக் ஸ்ப்ளிட்டும், பிரெஞ்சு வீரர் கிரீஸ்மனைப் பல பிரெஞ்சு கிளப்புகளும் உடம்பு போதாதென்று திருப்பி அனுப்பின. 2018 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இருவரும் எதிரெதிரே ஆடினார்கள்.

செய்ய வேண்டியது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எப்போதும் காலையிலேயே அளந்துவிடுங்கள். மாலைக்குள் முதுகெலும்பு அமுங்கி உயரம் ஒரு சென்டிமீட்டர்வரை குறைந்துவிடும். வெறுங்கால், குதிகால் சுவரோடு ஒட்டி, பார்வை நேராக, மூச்சை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டு முறை எடுங்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும். பெற்றோர் உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், கூட்டித்தான் சொல்வார்கள். சேர்க்கை நாளன்றே அவர்களையும் அளந்துவிடுங்கள். வயது, உயரம், எடை, பெற்றோர் உயரச் சராசரி நான்கும் இருந்தால் காமிஸ்-ரோச் முறையில் பையனின் இறுதி உயரத்தைக் கணிக்கலாம். அது அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து உருவான கணக்கு. நம் பிள்ளைகளுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளிப்போகலாம்.

கணித்த உயரத்தில் 85 முதல் 90 சதவீதம் எட்டியவர்களை, அதாவது உடல் முதிர்ச்சி ஒத்தவர்களை மட்டும் சேர்த்து இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2015-ல் ஒரு போட்டி நடத்தியது. முந்தி வளர்ந்தவர்கள் உடம்பை நம்ப முடியாமல் கால் திறமையை நம்ப வேண்டியிருந்தது. பிந்தியவர்கள் தைரியமாகப் பந்தைக் கேட்டு வாங்கினார்கள். மாதம் ஒரு மேட்சாவது இப்படி ஆடவிடுங்கள். வயதுப் பிரிவைக் கலைக்கத் தேவையில்லை.

மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் உயர்ந்தவன் மீது தனிக் கண் வையுங்கள். கால் நீண்டுவிடும், பழைய கணக்கில் பந்து நிற்காது, ஓட்டம் தடுமாறும். பையன் ஃபார்மில் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைப்பது இந்த மாதங்களில்தான். முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலித்தால் அது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்னும் பாதிப்பாக இருக்கலாம். குதிகால் பின்புறம் வலித்தால் சீவர்ஸ் என்னும் பாதிப்பாக இருக்கலாம். வளரும் எலும்பின் முனையைத் தசைநார் இழுப்பதால் வருவது இது. பையன் நடிக்கவில்லை. குதிப்பதையும் ஸ்பிரிண்டையும் குறையுங்கள், ஷூட்டிங் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நம் ஊர்க் கட்டாந்தரையில் அடியில் நீளக் குமிழ் வைத்த ஸ்டட் பூட்ஸ் வேண்டாம், சின்ன ரப்பர் குமிழ் உள்ள டர்ஃப் ஷூ போதும்.

வயது மோசடியைக் கண்டுபிடிக்க எடுக்கும் மணிக்கட்டு எக்ஸ்ரே பற்றியும் ஒரு வார்த்தை. அது எலும்பின் முதிர்ச்சியைக் காட்டும், பிறந்த தேதியைக் காட்டாது. ஒரே நாளில் பிறந்த இரு பையன்களின் எலும்பு வயது இரண்டு மூன்று வருடம்கூட வேறுபடலாம். முந்தி வளர்ந்த நேர்மையான பையன் இதில் மாட்டிக்கொள்கிறான். எக்ஸ்ரேயோடு பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு, உங்கள் வளர்ச்சிக் குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

எங்கள் கோரிக்கை இரண்டு. அண்டர்-13, அண்டர்-14 அணிகளில் தலா நான்கு இடம் பிந்தி வளர்பவர்களுக்கு ஒதுக்குங்கள். வேகமாக வளரும் மாதங்களில் எந்தப் பையனையும் அகாடமியிலிருந்து நீக்காதீர்கள். வளர்ச்சி தணிந்து ஆறு மாதம் ஆடவிட்டபின், அளவுக் குறிப்பைப் பெற்றோர் முன் விரித்து வைத்துப் பேசுங்கள்.